கேள்வி கேட்போர் கடமை

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை இலங்கையின் ஆசிரியரும் மாணவரும் எளிதில் மறக்க மாட்டார்கள். அந்நியச் செலாவணி வற்றிப்போக, அச்சிடக் காகிதம் இல்லையென்று மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் அம்மாதத்தில் ஒத்திவைக்கப்பட்டன. அதே மாதத்தின் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. தாளில் பரீட்சை வைக்கத் தாள் இல்லை. திரையில் பரீட்சை வைக்க மின்சாரம் இல்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மெழுகுதிரி வெளிச்சத்தில் அமர்ந்திருந்த பிள்ளைகள், பரீட்சை எந்த வழியாக வருமென்று அறியாமல் காத்திருந்தனர்.

அந்த நெருக்கடி ஒருவாறு தணிந்தது. ஆனால் அதற்கு இரண்டாண்டு முன்னரே, 2020 இன் கொள்ளைநோய்க் காலத்தில், நமது பல்கலைக்கழகங்களுக்குள் புகுந்த திரைப் பரீட்சை வந்த வழியே திரும்பிச் செல்லவில்லை. இன்று உயர்கல்வி நிலையங்கள் பலவற்றில் மூடில் போன்ற கற்பித்தல் தளங்களின் வழியே வாராந்தச் சோதனை முதல் பருவ மதிப்பீடு வரை நடைபெறுகின்றது. விரிவுரையாளர் வினாவை எழுதிப் பதிவேற்றுகின்றார். மாணவர் விரலால் தொட்டு விடை தருகின்றார். இமைப்பொழுதில் இயந்திரம் புள்ளி வழங்குகின்றது. இதனைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தொழில்நுட்பப் பேச்சாகவே முடிந்துவிடுகின்றது. நமக்கோ இஃது அறத்தின்பாற்பட்ட கேள்வியாகவே தோன்றுகின்றது. விடையை முன்னமே அறிந்த ஒருவர், அறியாத இன்னொருவரிடம் அதனையே கேட்பதற்கு என்ன உரிமை உடையவர்? அந்த உரிமைக்கு ஈடாக அவர் செலுத்த வேண்டிய கடன் யாது?

கேள்வியைப் பற்றி நமது முன்னோர் சிந்தியாமல் இருந்திலர். பவணந்தியாரின் நன்னூல் வினாக்களை ஆறாக வகுக்கின்றது. தான் அறிந்த ஒன்றைப் பிறர் அறிவாரோ என்று காணக் கேட்பது அறிவினா. தான் அறியாததை அறிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ என்று தெளியக் கேட்பது ஐயவினா. கடைக்காரரிடம் பருப்பு உண்டோ என்பது பெற்றுக்கொள்ளக் கேட்கும் கொளல்வினா. உடுக்கத் துணி இல்லையோ என்பது கொடுக்கும் பொருட்டுக் கேட்கும் கொடைவினா. இன்னும் படிக்கவில்லையோ என்பது கட்டளையை உள்ளடக்கிய ஏவல்வினா. உரையாசிரியர்கள் அறிவினாவுக்குக் காட்டும் உதாரணமே ஆசிரியர் மாணவரைக் கேட்பதுதான். ஆகவே பரீட்சை என்பது பிறப்பிலேயே அறிவினா. கேட்பவர் மேலே இருக்கின்றார். விடை அவர் கையில் இருக்கின்றது. கேட்கப்படுபவர் கீழே இருக்கின்றார். இச்சமமின்மையை நாம் மறைக்கத் தேவையில்லை. அதனை எவ்வாறு பயன்படுத்துகின்றோம் என்பதே பிரச்சினை.

நமது நாட்டில் இந்த அறிவினா அதிகாரத்தின் கையாளாகப் பணி செய்த வரலாறு நீண்டது. கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் 1880 இல் இலங்கைக்கு வந்தன. அவை குடியேற்ற ஆட்சியின் கந்தோர்களுக்கு எழுத்தரை வடித்தெடுக்கும் சல்லடையாயின. ஆங்கிலம் கற்ற சிலர் மேலே தங்க, மற்றையோர் கீழே உதிர்ந்தனர். 1945 இல் இலவசக் கல்வி வந்தது. சல்லடையின் கண்கள் சற்றுப் பெரிதாயின. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது, புள்ளி என்பது வெறும் எண்ணன்று, அதற்குப் பின்னால் அரசியல் உண்டு என்பதைத் தமிழ் இளைஞர் ஒரு தலைமுறையாகவே கற்றுக்கொண்டனர். 2001 முதல் இசட் புள்ளி வழக்கத்திற்கு வந்தபின், தசமத்தானத்தின் ஓர் இலக்கத்திலே ஒரு பிள்ளையின் வாழ்க்கை தொங்குகின்றது. இத்தகைய நாட்டில் ஒரு வினாவைக் கவனமின்றி எழுதுவது சிறு பிழையன்று.

இயந்திரத்தின் பக்கமும் நியாயம் உண்டு. அதனை முதலில் ஒப்புக்கொள்வோம். 1912 இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர், ஒரே விடைத்தாளின் பிரதிகளை நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளுக்கு அனுப்பித் திருத்தச் செய்தனர். ஒரே தாளுக்குச் சில ஆசிரியர் 60களில் புள்ளியிட, வேறு சிலர் 90ஐத் தாண்டியும் புள்ளியிட்டனர். திருத்துபவரின் மனநிலை, கையெழுத்தின் அழகு, மொழியின் பூச்சு ஆகியன யாவும் புள்ளியாக மாறின. இத்தகைய தாறுமாறுக்கு மாற்றாகவே 1914-15 இல் கன்சாஸில் பிரெடெரிக் கெல்லி, விடையைத் தெரிந்து குறியிடும் வாசிப்புச் சோதனையை வகுத்தார். 1938 இல், உயர்பாடசாலை அறிவியல் ஆசிரியராக இருந்த ரெனோல்ட் ஜோன்சனின் கண்டுபிடிப்பைக் கொண்டு, பென்சிற் கரியின் மின்கடத்தலால் விடையை எண்ணும் பொறியை ஐ.பி.எம். விற்பனைக்கு விட்டது. இன்றைய திரைச் சோதனை அதன் பேரப்பிள்ளை. அப்பொறிக்கு மாணவரின் சாதி தெரியாது, ஊர் தெரியாது, தந்தையின் தொழில் தெரியாது. பாகுபாட்டின் கசப்பை அறிந்த நமக்கு இஃது அற்பமான நன்மையன்று.

ஆயினும் அந்த நடுநிலை திருத்துவதில் மட்டுமே உள்ளது, கேட்பதில் இல்லை. வினாவை எழுதியவர் மனிதர். அவருடைய சார்பும் சோம்பலும் அறியாமையும் வினாவிலேயே உறைந்துவிடுகின்றன. திருத்தும்போது மனிதர் செய்யும் அநீதி ஒரு தாளோடு நிற்கும். வினாவில் உறைந்த அநீதியோ ஆயிரம் பேருக்கும் சமமாகப் பங்கிடப்படுகின்றது. சமமாகப் பங்கிடப்பட்டமையால் அது நீதியாகிவிடாது.

நமது மொழியிலிருந்தே உதாரணம் காட்டுவோம். ஆங்கிலத்தில் எதிர்மறை வினா எழுதுவோர் 'நொட்' என்னும் சொல்லைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கண்ணில் படச் செய்வர். தமிழில் பெரிய எழுத்துக் கிடையாது. நமது எதிர்மறை பெரும்பாலும் தனிச் சொல்லாகவும் நிற்பதில்லை. சொல்லின் வயிற்றுக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றது. 'பொருந்துவது எது', 'பொருந்தாதது எது' என்னும் இரண்டுக்கும் இடையே, அவசரத்தில் வாசிக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இரண்டு எழுத்தளவே. நாற்பது விநாடியில் விடைதர வேண்டிய மாணவர் அதனைத் தவறவிட்டால், அவர் உயிரியலில் தோற்கவில்லை. நமது கவனக்குறைவில் தோற்கின்றார். இயன்றவரை எதிர்மறை வினாவைத் தவிர்த்தலும், தவிர்க்க முடியாதவிடத்து அடிக்கோடிட்டுத் தடித்த எழுத்தில் தருதலும் அலங்காரமல்ல, கடமை.

குறுவிடை வினாக்களில் இத்தொல்லை இன்னும் ஆழமாகின்றது. நமக்குத் தெரிந்த ஓர் உயர்கல்வி நிலையத்தில், தாவரங்கள் சூரிய ஒளியால் உணவு ஆக்கும் செயலின் பெயர் கேட்கப்பட்டது. பொறிக்குக் கொடுக்கப்பட்டிருந்த விடை 'ஒளித்தொகுப்பு'. மாணவி ஒருத்தி 'ஒளிச்சேர்க்கை' என்று எழுதினாள். தமிழகத்து நூலொன்றில் கற்ற சொல் அது. இன்னொருவன் 'ஒளித் தொகுப்பு' என்று நடுவே இடம் விட்டு எழுதினான். இருவருக்கும் சூனியம் கிடைத்தது. நாம் ஒட்சிசன் என்பதைத் தமிழகத்தார் ஆக்சிஜன் என்கின்றனர். மூலகம் என்பதைத் தனிமம் என்கின்றனர். பொறி இவற்றையெல்லாம் அறியாது. அறியச் செய்ய வேண்டியவர் வினா எழுதியவரே. இதைவிட நுட்பமான கேடும் உண்டு. யூனிகோட் முறையில் 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒருமுகப்படுத்தாத பொறிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட விடையோ அதற்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். சரியான விடையைச் சரியாக எழுதிய பிள்ளை, தன் விசைப்பலகையின் குற்றத்துக்காகத் தண்டிக்கப்படுவதை எந்த அறநூல் ஏற்கும்?

வினா வந்து சேரும் வீட்டையும் நாம் பார்க்க வேண்டும். 2019 இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் எடுத்த கணக்கின்படி, மேசைக் கணினியோ மடிக்கணினியோ உள்ள வீடுகள் நாட்டில் ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்றே. பெருந்தோட்டப் பகுதியில் அவ்விகிதம் மிகமிகக் குறைவு. 2020 இல் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பான லேர்ன், பல்கலைக்கழகங்களுக்கு இணைய வகுப்புகளை ஏற்பாடு செய்து கொடுத்தது. பல்கலைக்கழகத் தளங்களைச் சில மாதங்கள் டேட்டாக் கட்டணமின்றிப் பார்க்கவும் வழி செய்யப்பட்டது. பாராட்டத்தக்க முயற்சி அது. ஆனால் கட்டணம் நீங்கியவுடன் வர்க்கம் நீங்கிவிடுவதில்லை. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், தொடர்மாடி வீட்டின் தனியறையில் மடிக்கணினி முன் அமர்ந்தவரும் பரீட்சார்த்தியே. கொட்டாஞ்சேனையில் 'வத்தை' என்று வழங்கும் நெருக்கமான குடியிருப்பில், ஓரறை வீட்டில், ஐவருக்கு நடுவே, துறைமுக வேலையிலிருந்து தந்தை மீளும்வரை கைத்தொலைபேசிக்காகக் காத்திருப்பவரும் பரீட்சார்த்தியே. இருவர் திரையிலும் ஒரே கடிகாரம் ஓடுகின்றது. நான்கு அங்குலத் திரையில் ஓர் அட்டவணையை மேலும் கீழும் நகர்த்தி வாசிப்பதற்குச் செல்லும் நேரத்தை அந்தக் கடிகாரம் கணக்கிடுவதில்லை. ஊவாவின் மலைக்கிராமங்களில் அலைவரிசை தேடிப் பாறையேறிய பிள்ளைகளின் செய்தியை 2021 இல் உலகமே படித்தது. வேகத்தை அளப்பது நமது நோக்கமாயின் கடிகாரம் வேண்டும். விளக்கத்தை அளப்பது நோக்கமாயின், கடிகாரம் எதனை அளக்கின்றது? வீட்டின் அளவையே அளக்கின்றது.

இதற்கு மறுமொழியாகச் சிலர் கண்காணிப்பைக் கொணர்கின்றனர். நேரத்தைத் தளர்த்தினால் பார்த்தெழுதுவார்கள். ஆகவே கமெராவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், அறை முழுவதையும் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள் என்கின்றனர். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், இவ்வாறு தன் அறையைப் படம் பிடித்துக் காட்டும்படி பணிக்கப்பட்ட மாணவர் ஒருவர் நீதிமன்றம் சென்றார். அரச பல்கலைக்கழகம் ஒன்று அங்ஙனம் செய்தது அரசியலமைப்புக்கு மாறான தேடுதல் என்று 2022 இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமக்கு நீதிமன்றம் வரையும் செல்லத் தேவையில்லை. ஓரறை வீட்டில் அறையைக் காட்டுதல் என்பது நோயுற்ற பாட்டியைக் காட்டுதலாகும். கொடியில் காயும் துணியைக் காட்டுதலாகும். வறுமையைச் சாட்சியாகக் கொண்டு நேர்மையை மெய்ப்பித்தலாகும். அறிவினாவாகத் தொடங்கியது அங்கே ஏவல்வினாவாக இழிகின்றது.

தவறான விடைக்குப் புள்ளி குறைக்கும் வழக்கமும் இத்தகையதே. நமது உயர்தரப் பரீட்சையின் விஞ்ஞானப் பாடங்களில் 50 பல்தேர்வு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 5 தெரிவுகள். கண்ணை மூடிக் குறியிட்டவருக்கும் சராசரியாக 10 விடைகள் சரியாகும். இதனை ஈடுசெய்யவே சிலவிடங்களில் தவறு ஒவ்வொன்றுக்கும் கால் புள்ளி கழிக்கின்றனர். கணக்குப் பிழையற்றதுதான்: ஒன்று சரியாகவும் நான்கு தவறாகவும் அமைந்தால் கூட்டுத்தொகை சூனியம். ஆனால் மனிதர் கணக்கன்று. இத்தகைய தண்டனை அச்சத்தின்கீழ் பெண்கள் ஆண்களைவிடக் கூடுதலான வினாக்களை விடையின்றி விடுகின்றனர் என்பதைக் கத்தரின் பல்டிகாவின் ஆய்வு 2014 இல் காட்டியது. அங்கே அளக்கப்பட்டது அறிவா, துணிவா? பணிந்திருக்கப் பழக்கப்பட்டோரைப் பணிவுக்காக மீண்டும் தண்டிப்பது முற்போக்கான கல்வியாகுமா?

அவ்வாறாயின் பல்தேர்வு வினாவையே தள்ளிவிட வேண்டுமோ? அன்று. அதனை நல்ல வினாவாக்க வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். 'இலங்கைப் பல்கலைக்கழகம் எந்த ஆண்டில் நிறுவப்பட்டது?' என்று கேட்டு 1921, 1931, 1942, 1948 என நான்கு ஆண்டுகளைக் கொடுப்பது எளிது. அது நினைவை மட்டும் தட்டிப் பார்க்கும், நாளை மறக்கப்படும். அதற்குப் பதிலாக இவ்வாறு கேட்கலாம்: 'தாய்மொழிப் பாடசாலையில் மட்டும் கற்ற கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகள், 1950 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் புகுவதற்குப் பெருந்தடையாக நின்றிருக்கக் கூடியது எது?' தெரிவுகள் மூன்று. ஒன்று, பல்கலைக்கழகப் போதனைக் கட்டணம். இரண்டு, பல்கலைக்கழகத்தின் போதனாமொழி. மூன்று, அன்று நாட்டில் பல்கலைக்கழகம் இல்லாமை. முதலாவதைத் தெரிந்தவர் இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரை நீண்டதென்பதை அறியாதவர். மூன்றாவதைத் தெரிந்தவர் 1942 ஐ அறியாதவர். இரண்டாவதைத் தெரிந்தவர், கட்டணம் நீங்கியும் ஆங்கிலம் என்னும் மதில் நீங்கவில்லை என்பதை உணர்ந்தவர். இங்கே பிழையான விடைகூட நமக்குச் செய்தி தருகின்றது. மாணவர் எந்த இடத்தில் வழுக்கினார் என்பதை அது சுட்டுகின்றது. பிழைத்தெரிவு என்பது பொறியாக அமைதல் ஆகாது. உண்மையில் மாணவர் மனத்தில் எழும் பிழையின் நிழலாக அமைதல் வேண்டும். மூன்று தெரிவே பெரும்பாலும் போதும் என்பதை எண்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்து மைக்கல் ரொட்ரிக்ஸ் 2005 இல் காட்டினார். நான்காவது, ஐந்தாவது தெரிவுகள் பல வேளைகளில் எவரும் தொடாத பதர்களே.

நன்னூல் விடையையும் எட்டாக வகுத்திருப்பதை இங்கே நினைவுகூர்வோம். சுட்டிச் சொல்வது மட்டும் விடையன்று. மறுத்தல், உடன்படல், எதிர்க்கேள்வி கேட்டல், தனக்கு உற்றதைக் கூறல் முதலியனவும் விடைகளே. பொறியோ சுட்டு ஒன்றனையே ஏற்கின்றது. 'உங்கள் வினாவே பிழை' என்று சொல்ல அங்கே கட்டம் இல்லை. ஆகவே முக்கியமான ஒரு சில வினாக்களின் கீழாவது 'ஏன் இதனைத் தெரிந்தீர்?' என்று ஓரிரு வரி எழுத இடம் விடுதல் வேண்டும். அதனைத் திருத்த நேரம் செல்லும். அந்த நேரம்தான் ஆசிரியத் தொழில்.

திரை நமக்குத் தரும் பெரிய கொடை ஒன்று உண்டு. அதனை நாம் மிகக் குறைவாகவே பயன்படுத்துகின்றோம். அறுபது பேர் எழுதிய சோதனை ஒன்றில், மொத்தப் புள்ளியில் முன்னணியில் நின்ற இருபதுபேரையும் பின்தங்கிய இருபதுபேரையும் பிரித்துப் பாருங்கள். ஒரு வினாவுக்கு முன்னவருள் பதினைவரும் பின்னவருள் ஐவரும் சரியாக விடையளித்தால் அவ்வினா தன் பணியைச் செய்கின்றது. மாறாக, பின்தங்கியோர் சரியாகவும் முன்னணியோர் பிழையாகவும் விடையளித்தால், பிழை பெரும்பாலும் மாணவரிடம் இல்லை. விடைக்குறி மாறியிருக்கலாம், மொழிபெயர்ப்புத் திரிந்திருக்கலாம், கூர்ந்து சிந்தித்தோரைக் குழப்பும் இருபொருள் வினாவில் இருந்திருக்கலாம். பழங்காலத்தில் இக்கணக்கைப் போட ஆசிரியருக்கு ஓரிரவு வேண்டும். இன்று மூடில் தளம் அதனை ஒரு நொடியில் தந்துவிடுகின்றது. அதனைத் திறந்து பார்ப்போர் எத்தனை பேர்? பார்த்தபின், 'இந்த வினா எனது பிழை; அனைவருக்கும் புள்ளி தருகின்றேன்' என்று வகுப்பின் முன் சொல்லும் துணிவுடையோர் எத்தனை பேர்? மாணவரைத் தேர்வுக்கு உட்படுத்துவோர் தமது வினாவையும் தேர்வுக்கு உட்படுத்தல் வேண்டும். கேட்கும் உரிமைக்கு ஈடான கடன் இதுவே என்பது நமது துணிபு.

இவ்விடத்தில் நண்பர் ஒருவர் எழுப்பும் ஆட்சேபத்தை நாம் புறக்கணிக்க முடியாது. 'வர்க்க சமுதாயத்தில் பரீட்சை வர்க்கத்தின் கருவி. கத்தியைக் கூராக்கித் தருவதா உமது பணி? பரீட்சையையே ஒழிக்கும் சமுதாயத்துக்காக அல்லவா போராட வேண்டும்?' என்கின்றார் அவர். அவர் கூற்றின் முதற்பாதி உண்மை. எந்த நல்ல வினாவும் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு இரண்டாவது அறையைக் கட்டித் தராது. ஆனால் நாளைய சமுதாயம் வரும்வரை இன்றைய பிள்ளை இன்றைய வினாவுக்கே விடையளிக்கின்றது. ஆலையில் கூலி முறை ஒழியும்வரை தராசு பிழையாகவே இருக்கட்டும் என்று எந்தத் தொழிற்சங்கமும் சொல்லவில்லை. தராசைச் சரிபார்க்கும் உரிமைக்கும் தொழிலாளர் போராடியே வந்தனர். மேலும், பரீட்சையை ஒழித்தாலும் கேள்வியை ஒழிக்க முடியாது. கற்றதை மீள நினைவிலிருந்து எடுக்க முயல்வதே கற்றலை உறுதிப்படுத்துகின்றது. மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட அஃது நெடுநாள் நிலைக்கச் செய்கின்றது என்பதை 2006 இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் பரிசோதனையால் நிறுவினர். புள்ளியின்றி, அச்சமின்றி, வாரந்தோறும் திரையில் வரும் சிறு சோதனை மாணவருக்கு உண்மையான கொடைவினாவாகலாம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இன்னொரு நிலையும் தோன்றியுள்ளது. விரிவுரையாளர் பொறியைக் கொண்டு வினாவை ஆக்குகின்றார். மாணவர் பொறியைக் கொண்டு விடையை ஆக்குகின்றார். மூன்றாவது பொறி புள்ளியிடுகின்றது. பொறிகள் மூன்றும் தம்முள் உரையாட, மனிதர் இருவரும் வெளியே நிற்கின்றனர். இதனைக் கண்டு மாணவரை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. எவருக்கும் உரியதல்லாத வினாவுக்கு எவருக்கும் உரியதல்லாத விடையே கிடைக்கும். தன் ஒழுங்கையின் வடிகாலையும், தன் தாயின் சம்பளச் சீட்டையும், தன் ஊர்ப் பேருந்தின் நேரத்தையும் கொண்டு சிந்திக்கச் செய்யும் வினாவை மாணவர் முன் வைத்து, பின்னர் ஐந்து நிமிடம் நேரிலே அமர்ந்து அதனைப் பற்றிப் பேசினால், அங்கே பொறி கருவியாகுமேயன்றி எசமானனாகாது.

அறிவினாவோடு தொடங்கினோம். அதனை விட்டு முற்றாக நீங்க நம்மால் இயலாது. ஆசிரியர் பாடத்தை அறிந்தவரே. ஆனால் அவர் அறியாத ஒன்று எப்போதும் உண்டு. எதிரே அமர்ந்திருக்கும் இந்தப் பிள்ளை இதனை எவ்வாறு விளங்கிக்கொண்டிருக்கின்றது என்பதே அது. அதனை மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்கும் ஆசிரியர் கையில், அறிவினா அறியாவினாவாக மாறுகின்றது. அங்கே கேட்பவரும் கற்பவராகின்றார். மேலும் கீழும் ஓரளவேனும் சமமாகின்றன. அடுத்த சோதனைக்கு வினா எழுத அமரும் நண்பர்கள், பதிவேற்றும் பொத்தானைத் தொடுமுன் அவ்வினாவை ஒருமுறை ஓரறை வீட்டின் மூலையிலிருந்து, சிறிய திரையில், தமிழில் வாசித்துப் பார்க்கட்டும். அவ்வாறு வாசித்தபின்னும் கேட்கத் தகுந்ததாக அது தோன்றினால் தாராளமாகக் கேட்கட்டும்.